நாற்பத்தொரு பைட்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில், கெர்லிங்குக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிற்சாலையில், நான் எழுதிய புரோகிராம் ஒரு பெண்ணின் மூன்று விரல்களை நசுக்கியது. அன்றைக்கே, உண்மையைச் சொன்ன ஒருவரின் வாயில் நான் குத்தினேன். இரண்டும் நடந்தது ஒரே பகலில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சுங்கை சோவில் வீடு. ராவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில், இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து விற்கும் சின்னப் பட்டறையில் வேலை. தோட்டத்துப் பையன் கம்ப்யூட்டர் படித்துவிட்டான் என்ற திமிர் தலைக்குமேல் இருந்தது. யாராவது என் வேலையில் குறை சொன்னால் முதலில் கை நீளும், பிறகுதான் மூளை நகரும்.

அந்தத் தொழிற்சாலையில் கட்டிப்பாலை, அதாவது உறைந்த ரப்பர் பாலை, நசுக்கிப் பாளமாக்கும் இரட்டை உருளை இயந்திரம் ஒன்று இருந்தது. அதை ஓட்டுகிறவர் முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி இருக்கும். பால் சிக்கிக்கொண்டால் முழங்காலால் கம்பியைத் தட்டுவார்கள், உருளை நிற்கும். ஆனால் அங்கே பெண்கள் தட்டிவிட்டு, நின்றதா என்று பார்க்கமாட்டார்கள். தட்டிய அதே மூச்சில் கை உள்ளே போய்விடும். பல வருஷமாக அந்தக் கம்பி ஒருமுறைகூட அவர்களை ஏமாற்றியதில்லை.

ஏமாற்றாததற்குக் காரணம், அது நேராக மோட்டாரின் மின்சாரத்தையே துண்டித்தது. அந்த வயரைக் கழற்றி என் பெட்டி வழியாகத் திருப்பியவன் நான். இனிமேல் கம்பியைத் தட்டினால் புரோகிராம் அதைப் படித்து மோட்டாரை நிறுத்தும், பாளங்களையும் எண்ணிக் காட்டும் என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டேன். பட்டறையில் நூறு தடவை சோதித்திருந்தேன். நூறு தடவையும் நின்றது.

பொருத்துவதற்கு முதல் நாள் மேனேஜர் ஒரு ஆசை சொன்னார். கம்பெனிப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள், பெட்டியின் திரையில் "சிலாமாட் டாத்தாங்" என்று வரவேற்பு ஓட வேண்டும். சேர்த்தேன். புரோகிராமின் எல்லாத் துண்டுகளையும் கோத்து, எது எந்த முகவரியில் உட்கார வேண்டும் என்று முடிவுசெய்யும் லிங்கர் மறுத்துவிட்டது. புரோகிராமை ஏற்றும் சில்லில் இடம் போதவில்லை, நாற்பத்தொரு பைட் அதிகம் என்றது.

நான் எழுதுவதை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலரில் ஒரு சுவிட்ச் உண்டு. போட்டால், வீண் என்று அது நினைப்பதையெல்லாம் வெட்டிப் புரோகிராமைச் சுருக்கும். வெளியிலிருந்து எந்த நேரமும் மாறக்கூடிய மதிப்பை வெட்டாதே, ஒவ்வொரு தடவையும் போய்ப் பார் என்று சொல்ல இன்றைக்கு ஒரு சொல் இருக்கிறது. எங்கள் கம்பைலருக்கு அந்தச் சொல் தெரியாது. பதிலாகக் கையேட்டில் ஒரு எச்சரிக்கை இருந்தது: கருவிகளைப் படிக்கும் ஃபைலுக்கு இந்தச் சுவிட்சைப் போடக்கூடாது. நான் எல்லா ஃபைலுக்கும் சேர்த்துப் போட்டேன். இடம் மிஞ்சியது. சில்லில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் பெட்டியைப் பொருத்தினேன். பெரியவர்கள் வந்தார்கள், வரவேற்பு ஓடியது, கை தட்டினார்கள், போனார்கள். கம்பியை நான் தட்டிப் பார்க்கவில்லை. அதுதான் ஏற்கெனவே சோதித்தாயிற்றே.

அவர்கள் கார் தோட்டத்துச் சாலையைத் தாண்டியிருக்காது. பால் சிக்கியது. உருளையில் நின்ற தோட்டத்து அக்கா ஒருவர் கம்பியைத் தட்டிவிட்டுக் கையை விட்டார். உருளை நிற்கவில்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்டது. அவர் அலறவில்லை, முழங்காலால் அந்தக் கம்பியைத் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டே இருந்தார். தொழிற்சாலை வயர்மேன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தார். வெள்ளைப் பாளம் சிவப்பாக வெளியே வந்தது. திரையில் எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது.

அக்காவை லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் மேனேஜர் என் சட்டையைப் பிடித்தார். நான் உடனே நிரூபித்தேன். கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனைத் தட்டினேன். உருளை அசையவில்லை. "பாத்தீங்களா சார்? கம்பி வேல செய்யுது. அவங்க தட்டல."

"இல்ல தம்பி," என்றார் வயர்மேன். "நா பக்கத்துலதான் நின்னேன். தட்டுனாங்க. உன் பொட்டிதான் நிறுத்தலலா. ஓடிக்கிட்டு இருக்கறப்ப தட்டிப் பாரு."

"ஒங்க வயரிங்க மொதல்ல பாருங்கண்ணே."

"என் வயரிங் இத்தன வருஷம் யார் கையயும் திங்கல."

குத்தினேன். அவர் தரையில் விழுந்தார், மேலே உட்கார்ந்து இன்னொன்றும் குத்தினேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. உள்ளங்கையில் பல்லைத் துப்பிப் பார்த்தார். என் விரல் முட்டியில் அவருடைய ரத்தம் இருந்தது. எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை, ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை பட்டறையில், வயர்மேன் பேச்சைப் பொய்யாக்குவதற்காகவே, கம்பைலர் பெற்றெடுத்த இயந்திரக் கட்டளைகளை அச்சடித்தேன். கம்பியைப் படிக்கும் கட்டளை, திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சிக்கு உள்ளே இல்லை. மேலே, தொடக்கத்தில், ஒரே ஒரு தடவை. புரோகிராமில் எதுவும் அந்த மதிப்பை மாற்றவில்லையே, ஏன் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று கம்பைலர் வெட்டிவிட்டிருந்தது. உருளை ஓடத் தொடங்கும்போது கம்பி அழுந்தியிருந்தால் ஓடாது. ஓடிய பிறகு யார் தட்டினாலும், உதைத்தாலும், அது பார்க்காது. மேசையைக் கவிழ்த்தேன். பிறகு அந்த அச்சுத் தாளை மட்டும் பொறுக்கி மடித்து வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஆபீசில் விசாரணை. கம்பியைத் தட்டாமல் கையை உள்ளே விட்டது நிரூபணமானால் அக்காவுக்கு வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ண வேண்டும். கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"தட்டுனேன் தொரே. சாமி சத்தியமா தட்டுனேன்."

மேனேஜர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அச்சுத் தாளை மேசையில் விரித்தேன். சுவிட்ச், சுழற்சி, நாற்பத்தொரு பைட், எல்லாவற்றையும் சொன்னேன். கதவோரம் நின்ற வயர்மேன் பல் போன வாயோடு கேட்டுக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. தப்பு பெட்டியோடது, அக்கா மேல் இல்லை என்று மேனேஜர் கடைசியில் எழுதினார். வேலையும் வீடும் பிழைத்தன.

வெளியே வந்ததும் அக்கா என்னை நிறுத்தினார். தாளை இடது கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, நா தட்டுனேன்னு இதுல எங்க இருக்கு?"

"அது இதுல இல்லக்கா."

"இல்லியா?"

"நீங்க தட்டுனத அது பாக்கவே இல்ல. அதுதான் இருக்கு."

தாளைக் கீழே போட்டார். பிறகு இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். பழக்கமில்லாத கை, அடி காதில் விழுந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. நான் கையைத் தூக்கவில்லை. வயர்மேன் வந்து, "போதும்மா, கை வலிக்கப் போவுது," என்று அவரை லயத்துப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.