ரிஜெக்ட் ஆன கவட்டைகள்

ஓ.டி. இல்லாத ஞாயிறு வாய்ப்பதே அபூர்வம். வயல் எலி அடித்துக் குழம்பு வைக்கலாமென்று, வடக்குப்பட்டில் வாடகைக்கு இருந்த வீட்டுக் கொய்யா மரத்தில் உண்டிவில் கவட்டைக்குக் கிளை வெட்டினோம். அறைத்தோழனுக்குக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. வெட்டிய ஒவ்வொன்றையும் வெர்னியர் வைத்து அளந்தான்.

"கவட்டையில இடது கை தடிச்சிருக்குல. ரிஜெக்ட்."

"எலி என்ன, ஸ்கேல் வச்சால பாக்கப்போவுது?" என்று கத்தினேன்.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, வேட்டைக்குப் போறீங்களா, வெறகுக்கா? மரமே மொட்டையா கீது!"

பிறகும் விடாமல், இரண்டு கையும் ஒரே அளவாகும்வரை ஒரு கவட்டையைச் சீவினான். பொழுது சாயத்தான் வயலுக்குப் போனோம். எலி வளையிலிருந்து தலை நீட்டியதும் ரப்பரை இழுத்தான். சீவி மெலிந்த கவட்டை படக்கென்று ஒடிந்தது, எலி ஓடிவிட்டது.

வெறும் ரசஞ்சோற்றைப் பிசைந்தபடி சொல்கிறான்: "மெட்டீரியல் சரியில்லல."