மாடி வகுப்பில் பூங்கனி

இளம்பிள்ளை வாதம் வந்தபோது பூங்கனிக்கு மூன்று வயது. வலது கால் சூம்பிப்போயிற்று. தொடையைக் கையால் அழுத்தித்தான் நடப்பாள். திருவட்டாறில் மாட்டுவண்டி ஓட்டிய இஸ்ரவேலுக்கு ஒரே மகள். ஊனமுற்ற பிள்ளைகள் தனியார் பள்ளியில் படித்தாலும் பள்ளிச் சம்பளத்தைச் சர்க்கார் கட்டும் என்று கேள்விப்பட்ட இஸ்ரவேல், அதிகாரிகளிடம் நடையாய் நடந்து, 1953இல் அவளை உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார்.

பள்ளி, சர்க்கார் தந்த உதவித்தொகையை வாங்கிக்கொண்டது. ஆனால் வகுப்பு மாடியில் இருந்தது.

“நீ கீழ தையல் அறையில இரி மோளே. படி ஏறண்டாம்” என்றார் தலைமையாசிரியர் ஞானையன்.

“தையல் படிக்கதுக்கா சாரே சர்க்கார் சம்பளம் கெட்டுது?”

மறுநாள் மணியடித்ததும் பூங்கனி முதல் படியில் உட்கார்ந்தாள். கைகளைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்புறமாகவே ஏறினாள். குறுகலான படிக்கட்டு. பிள்ளைகளோடு ஞானையனும் கீழே காத்து நின்றார்.

“எல்லாரும் போன பெறவு ஏறப்பிடாதா?”

“பிந்தி வந்தா வெளிய நிறுத்துவிய சாரே.”

பாவாடை கிழிந்தது. உள்ளங்கை காய்த்தது. தவளை என்று கூப்பிட்டார்கள். அவள் ஏறுவதை நிறுத்தவில்லை.

1956 நவம்பரில் ஊர் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தெருவெல்லாம் கொண்டாட்டம். இஸ்ரவேலும் மாட்டுக் கொம்பில் மாலை கட்டினார். அடுத்த வாரமே ஞானையன் அவரை அழைத்து, பழைய சர்க்காரின் உதவித்தொகை நின்றுவிட்டதாகவும், இனிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னார்.

“கொஞ்ச நாள் வீட்டில இரி மக்கா” என்றார் இஸ்ரவேல், தலைகுனிந்து.

“இது பரீட்சை வருசம். நான் இருக்க மாட்டேன். வண்டியப் பூட்டுங்கப்பா.”

தக்கலைக் கல்வி அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த அதிகாரி கையை விரித்தார். “அது திருவிதாங்கூர்க்காரங்க கொடுத்தது. எங்களுக்கு உத்தரவு வரலையே அம்மா.”

“எல்லைய மாத்துனதும் எனக்க காலு நேராயிட்டா சாரே?”

குமாஸ்தா ஒருவர் சிரித்துவிட்டார். பூங்கனி சிரிக்கவில்லை. அதிகாரியின் மேசை முன்னால் தரையில் உட்கார்ந்தாள். “உத்தரவு வாறது வரை என்னைப் படிக்க விடணும்னு பள்ளிக்கூடத்துக்கு ஆளனுப்புங்க. இல்லேன்னா நான் எழும்ப மாட்டேன்.”

உச்சிப்பொழுதுவரை பார்த்த அதிகாரி, சிரித்த குமாஸ்தாவையே வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஞானையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவளை மறுபடி சேர்த்தார்.

டிசம்பரிலும் உதவித்தொகை வந்தபாடில்லை. அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் தோற்றுப்போனாள். “இதுக்குத்தானா இவ்வளவு பாடு?” என்று கணக்கும் நடத்திய ஞானையன் வகுப்பில் வைத்தே கேட்டார்.

பூங்கனி பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றாள். “தோத்ததும் வகுப்பில இருந்துதான சாரே தோத்தேன். அடுத்த கணக்கப் போடுங்க.”