அம்மாவின் அடக்கத்துக்கு நான் வராத காரணம்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் என் வணக்கம். அம்மாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே, “அழகா எழுத வேணாம். நடந்தத எழுது. இல்லாட்டி நான் எழுதுவேன்” என்றார். முதல் பிடி மண் போட வேண்டிய ஒரே மகன் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தான் என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மா கஹவத்தைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது; பிறகு பால் வெட்டும் கத்திதான். கல்யாணமாகி எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். அப்பா நெஞ்சுவலியில் போனபோது அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த கையோடு விறகுக்கு ஓடி, விறகைப் போட்ட கையோடு அடுப்பை மூட்டி எங்களை ஆளாக்கினார். அக்காவை ஓ.எல். பரீட்சை வரை படிக்க வைத்தார். என்னையும் படிக்கத்தான் அனுப்பினார், நான் படிக்கவில்லை.

அம்மா யாருக்கும் பயந்தவர் இல்லை. சண்டையென்றால் சிங்களத்தில்தான் போடுவார். தமிழில் போட்டால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடுமாம். லயத்தில் யாருக்காவது பிள்ளைப்பேறு, காய்ச்சல் என்றால் கூப்பிடாமலே போய் நிற்பார். போன இடத்திலும் இரண்டு ஏச்சு ஏசிவிட்டுத்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்.

ஆற்றோரத்து மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மாணிக்கக் குழி தோண்டத் தொடங்கியதிலிருந்துதான் எங்கள் வீட்டுக்குக் கெட்ட காலம். பேப்பரில் இதை நாட்டின் கனிவளம் என்று எழுதுகிறார்கள். உலகமே நம் நீலக்கல்லைத் தேடி வருகிறதாம். வரட்டும். வருகிறவர்கள் அப்படியே எங்கள் ஓடைக்கும் வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்க்கட்டும். குழிக்குள் ஊறும் சேற்றையெல்லாம் பம்பு வைத்து ஓடையில் இறைத்தார்கள். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை துவைக்கத் துவைக்க மஞ்சளானது. மலை சரிந்தது, பாதி வெட்டிய குழிகளை மூடாமல் அடுத்த இடத்துக்குப் போனார்கள், மாடு விழுந்து செத்தது. இதற்குப் பெயர் வளம். தூ!

குழியின் முதலாளி வேற்று ஆள் இல்லை. எங்கள் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளையின் மகன்தான். அவருடைய குழியில் நான் பங்குக்கு இறங்கினேன். அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நான் வாங்கிவந்த மீனை என் கண் முன்னாலேயே பூனைக்குப் போட்டார்.

குழிக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. பெண்கள் கிட்டே வரக்கூடாது. சாவு வீட்டுக்குப் போனவன் குழியில் கால் வைக்கக்கூடாது. மீறினால் கல் மண்ணுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளுமாம். ஒருநாள் அம்மா ஒரு வாளி சேற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நேரே குழி விளிம்புக்கே வந்துவிட்டார். வாளியை முதலாளியின் காலடியில் வைத்து, இதில் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கச் சொன்னார். பொம்பளை இங்கே வந்தால் கல் ஓடிவிடும் என்று அவர் கத்தினார். அம்மா அசையவில்லை.

“ஓடிருமா? அப்ப நாளைக்கும் வாறேன்.”

இரண்டு நாள் வேலையை நிறுத்திவிட்டு, பால் பொங்கிப் பூசை போட்டார்கள். குழிக்குள் நின்றுகொண்டிருந்த எனக்கு அம்மாவை நினைத்துப் பெருமை வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் என் மானத்தை வாங்கிவிட்டாரே என்று அவரிடம் எகிறினேன்.

போன வருடம் அம்மாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. திங்கட்கிழமை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்கள் குழியிலோ அப்போதுதான் இல்லம, அதாவது கல் கலந்த சரளை, மேலே எடுத்துக் குவித்திருந்தோம். மூன்று மாத உழைப்பு. வியாழக்கிழமை கழுவ நாள் குறித்திருந்தார்கள். கழுவி முடியும்வரை பங்காளிகள் குழியோரத்து வாடிக் குடிசையில் படுத்துக் காவல் இருப்பது வழக்கம். செவ்வாய்க்கிழமை நான் அம்மாவைப் பார்த்துவிட்டு வாடிக்குப் போனேன். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“போன ஆஃப் பண்ணிப் போடு. காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழாட்டி ஒண்ணுமில்ல.”

அணைத்தேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? கேட்கக்கூடிய பேச்சா? எங்களோடு பங்குக்கு வேலை செய்த சிங்களவர் சோமபால மாமா மட்டும் தனக்குத் தெரிந்த தமிழில், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இது சரியில்லை, போனைப் போடு தம்பி என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவர் வாயை அடைத்தேன்.

புதன்கிழமை விடியும்போது அம்மாவின் உயிர் பிரிந்தது. அதன்பிறகு அக்கா பதினொரு தடவை எனக்கு அழைத்திருக்கிறார். அன்று பகல் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ரோட்டு வரை வந்து விசாரிக்க, நான் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருப்பதாகவும் வந்ததும் அனுப்பி வைப்பதாகவும் முதலாளி சொல்லியிருக்கிறார். இதுவரை நடந்தது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. இதற்குப் பிறகுதான் சொல்ல வாய் கூசுகிறது.

வியாழக்கிழமை காலை முட்டளவு தண்ணீரில் நின்று கூடையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். மேலே ரோட்டில் அத்தானின் சிவப்பு முச்சக்கர வண்டி வந்து நின்றது. அத்தான் இறங்கினார். காலில் செருப்பில்லை, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். வெள்ளை வேட்டிக்கு அர்த்தம் தெரியாத பிள்ளையா நான்? பார்த்தேன். பார்த்துவிட்டுக் கூடைக்குள் குனிந்துகொண்டேன்.

சோமபால மாமா குனியவில்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறிப் போனார். அத்தானையும், செய்தியைக் கேட்ட மாமாவையும் இனிமேல் கீழே இறங்கக்கூடாது என்று முதலாளி மறித்தார். மாமா ஈரச் சாரத்தோடு அத்தானின் வண்டியில் ஏறி எங்கள் வீட்டுக்குப் போனார். என் அம்மாவின் பாடையில் என் தோள் இருக்க வேண்டிய இடத்தில் அவர் தோள் கொடுத்தார். நாலு மணிவரை எனக்காக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மழை இருட்டியதும் தூக்கிவிட்டார்கள். முதல் பிடி மண்ணை அக்கா போட்டார்.

பின்னேரம் கழுவி முடிந்தபோது கூடையில் புளியங்கொட்டை அளவு ஒரு நீலக்கல் கிடந்தது. முதலாளி அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே என்னிடம் திரும்பினார்.

“தம்பி, அம்மா நேத்தே போயிட்டாங்க. சொன்னா தீட்டாயிருமேன்னு சொல்லல. பாத்தியா, அவுங்க புண்ணியம், கல்லு வந்திருச்சு.”

அந்த ஆளை நான் அடிக்கவில்லை. தலையாட்டினேன். எட்டாம் நாள் போய் என் பங்கையும் வாங்கினேன். கருமாதியன்று நீங்கள் சாப்பிட்ட சோறு அதில் பொங்கியது. அக்காவுக்குக்கூட அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இலையைத் தூக்கி என் மூஞ்சியில் எறிந்திருப்பார்.

போன மாதம் இந்த மலர் வேலையைத் தொடங்கியபோதுதான் அக்கா ஒன்றைச் சொன்னார். அந்தப் புதன்கிழமை விடியற்காலை, உயிர் பிரிவதற்குச் சற்று முன், தம்பியைக் கூப்பிடுகிறேன் என்று அக்கா போனை எடுத்திருக்கிறார். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாராம்.

“வேணாம். கழுவுற நாளு வருது. தீட்டுன்னு அவன வெளிய தள்ளிருவானுங்க.”

அந்தக் குழியை வாழ்நாளெல்லாம் காறித் துப்பியவர் சொன்ன பேச்சு இது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? நான் குழியை விட்டுவிட்டேன். அதற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம்.

அம்மாவைக் கடைசிவரை கவனித்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், குளிப்பாட்டிச் சேலை உடுத்திய லயத்துப் பெண்களுக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி. எங்கள் வீட்டுச் சாவுக்கு வந்ததால் இன்றுவரை அந்தக் குழியில் சேர்க்கப்படாமல், இப்போது கூலிக்கு விறகு வெட்டும் சோமபால மாமாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காலைத் தொடப் போனேன், விடவில்லை. இந்த மலரை அச்சடித்துத் தருவதாக முதலாளி ஆள் அனுப்பினார், நன்றி சொல்லும் இடத்தில் தன் பெயர் இருந்தால் போதுமாம். இல்லை.

மகனுக்குத் தகவல் எட்டவில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றிய சொந்தங்களே, உங்களுக்கும் நன்றி. இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள். தகவல் ரோட்டு வரைக்கும் வந்தது. ஏறிப் போகாதவன் நான்தான்.

— மகன்