பக்கத்து இலை நெய்

சென்ற வாரம் முசரவாக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலை சபாபதி. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்கிறான். என் வயதுதான் அவனுக்கும்.

பருப்புக்கு நெய் வந்தது. நான் இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். அவனோ சாதத்தில் குழி பறித்துக் காத்திருந்தான்.

“நல்லா ஊத்துப்பா... கைய சுருக்காதே!”

எனக்கு எப்படி இருந்திருக்கும்?

எனக்கு நெஞ்சுவலி வந்து ஆறு மாதம் ஆகிறது. டாக்டர் கொலஸ்ட்ரால் என்று ஏதோ புதுப் பெயர் சொன்னார். “கெட்டியா உறையற கொழுப்பு ரத்தக் குழாய்க்கு ஆகாது. நெய், வெண்ணெய், வனஸ்பதி எல்லாம் நிறுத்திடுங்க. நல்லெண்ணெய் பரவாயில்லை, அதுவும் அளவா. நெய் வேணுமா, உயிர் வேணுமா? நீங்களே சொல்லுங்க.”

உயிர் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான்!

அன்றிலிருந்து, நெய் மணக்கும் நம்மூர்க் கோயில் இட்லியை மூக்கால் மட்டுமே சாப்பிடுகிறேன். சபாபதி வாயால் சாப்பிடுகிறான். ஒரே வயது, ஒரே ஊர், ஒரே தண்ணீர் — இவனுக்கு மட்டும் என்ன சலுகை? இவனுக்கும் லேசாக ஒரு வலி வந்தால்தான் என்ன?

நினைத்தேன். பந்தியில் உட்கார்ந்துகொண்டே நினைத்தேன்.

கை கழுவப் போன இடத்தில் அவன் மனைவி விசாலம் என்னைத் தனியாக அழைத்தாள்.

“அண்ணி குடுத்து வெச்சவங்கண்ணா. சொன்னா நீங்க கேக்கிறீங்க. இவருக்கும் போன மாசம் மார்வலி வந்துது. அதே டாக்டருதான் பாத்தாரு. நெய்ய விடலன்னா உயிருக்கே ஆபத்துன்னாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. நெதம் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்கிறேன்...”

இவனைப் பார்த்தா பொறாமைப்பட்டேன்?

பெண்கள் பஸ்ஸில் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் ஜட்காவில் திரும்பினோம். பாதி வழியில் கேட்டே விட்டேன்.

“ஏன்டா மறைச்சே?”

மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: “உன்னப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சல்டா. நெய் வந்தா நீ பாட்டுக்கு இலைய மூடிக்கினு உக்காந்துக்கினு இருக்கிறே. என்னால முடியலியே! உங்கிட்ட சொன்னா என்னையும் மூடச் சொல்லுவே.”

“சொல்லத்தான் செய்வேன்.”

“பயமா இருக்குதுடா...”

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். இதைக் கேட்கத்தானே ஆசைப்பட்டேன்? ஆனால் அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேற்று பிள்ளையார்பாளையத்தில் ஒரு காதுகுத்து விருந்து. நெய் வந்தது. நான் மூடினேன். சபாபதி என்னை ஒருமுறை முறைத்துவிட்டு அவனும் மூடினான். விசாலம் தூரத்திலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எதிர் வரிசையில் ஒரு பெரியவர். எண்பதுக்குக் குறையாது, ஊதினால் பறந்துவிடும் உடம்பு. நெய்யை மூன்று கரண்டி ஊற்றச் சொல்லி, வழிந்ததையும் வழித்து நக்கினார்.

நாங்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொழுப்பு சரி... வயிற்றெரிச்சலால் உயிருக்கு ஆபத்து உண்டா? டாக்டரைக் கேட்க வேண்டும்!