பழுப்பேறாத ஈரல்

ராமாமணிக்கு எளிதில் குமட்டும். ஆனால் சதையைப் பார்த்து அல்ல. இருபத்து மூன்று வருடமாக மனித ஈரலையும் குடலையும் மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு வயிறு வளர்க்கிறவள் அவள். போத்தனூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து, காந்திபுரத்துப் பரிசோதனைக் கூடத்தில் கையுறையை மாட்டிவிட்டால் அவளுக்கு எல்லாச் சதையும் சுத்தம்தான். அவளுக்குக் குமட்டுவது மனிதர்களின் காரியங்கள்.

அந்த மார்கழியில் காளிச்சாமியின் ஈரல் துணுக்கு வந்தது. துடியலூர்ப் பக்கம் பம்ப் பட்டறையில் வேலை செய்கிறவர். மஞ்சள் காமாலைக் கிருமி அவர் ஈரலை வருடக்கணக்காக அரித்திருந்தது. ஸ்கேனில் ஒரு சின்னக் கட்டி. புற்றா, இல்லையா என்று சொல்ல வேண்டும்.

அதற்கு மூன்று சாயங்கள் உண்டு. இரண்டு பழுப்பேறினால் புற்று. காளிச்சாமிக்கு ஒன்று பழுப்பு, ஒன்று பழுப்பேறாமல் நீலம். முடிவு மூன்றாவதன் கையில் இருந்தது. வெப்ப அதிர்ச்சிப் புரதத்துக்குப் போடும் சாயம் அது. செல் சூட்டிலோ வேறு இக்கட்டிலோ மாட்டினால் தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் புரதம். ஈரல் புற்றோ அதை அளவுக்கு மீறிச் சேர்த்துக்கொண்டு சாகாமல் தப்பிக்கும். காக்க வந்தது கள்ளனுக்கும் காவல் நிற்கும்.

காளிச்சாமியின் ஸ்லைடு நீலமாகவே வந்தது. ராமாமணிக்கு உறுத்தியது. சில வாரமாக எல்லாமே நீலம். ஏற்கெனவே புற்று என்று உறுதியான பழைய ஈரல் துண்டு ஒன்றை எடுத்து, அதற்கும் அதே சாய மருந்தைப் போட்டாள். கன்ட்ரோல் என்பார்கள். ஒவ்வொரு முறையும் கூடவே வைக்க வேண்டியது. மருந்து வீணாகிறது என்று போன வருடமே கூடத்து டாக்டர் பாலகோபால் நிறுத்திவிட்டார். இவளும் சரிங்க என்று தலையாட்டியிருந்தாள்.

அந்தப் பழைய புற்றும் நீலமாக வந்தது. மருந்து செத்துப்போயிருந்தது. தீபாவளி விடுமுறையில் மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் மூன்று நாள் அணைந்து கிடந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பாலகோபால் மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணும் முட்டை பப்ஸில் ஒரு கண்ணுமாக இருந்தார். பப்ஸ் செதில்கள் நோயாளிகளின் தாள்கள் மேல் உதிர்ந்தன. அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். புது மருந்து வரப் பத்து நாளாகும், அனுப்பிய டாக்டர் இன்றே கேட்கிறார், புற்று இல்லை, ஆறு மாதம் கழித்து ஸ்கேன் என்று ரிப்போர்ட் அடித்தாயிற்று என்றார்.

"அந்தக் கன்ட்ரோல் ஸ்லைடைக் கழுவிப் போட்டுருங்கம்மா. நீங்க அதைப் போடலீன்னு வெச்சுக்குங்க."

அத்தனை மரியாதையாகச் சொன்னார். அந்த 'ங்க'தான் ராமாமணிக்கு அருவருப்பாக இருந்தது. எண்ணெய் பிசுபிசுத்த விரலாலேயே கையெழுத்துப் போட்டார் அந்த மனுஷன். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, காளிச்சாமியின் ஈரல் புதைந்த மெழுகு வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட் போன பின்னாலேயே கீழே இறங்கினாள்.

காளிச்சாமியின் மனைவி வரவேற்பறையில் ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ராமாமணி வில்லையை நீட்டி, இதை வேறு கூடத்தில் கொடுத்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள்.

"ஒண்ணுமில்லீன்னு எழுதிப்போட்டாங்களேங்க. மறுக்கா எதுக்குங்க?"

"அது பொய்ங்க. மருந்து கெட்டுப்போச்சுங்க. சாயம் போட்டது நானுங்க."

சிரிப்பு அணைந்தது. அந்தம்மாள் ரிப்போர்ட்டை மெதுவாக மடித்தாள். பட்டறைக்காரர் மனைவி, விவரமானவள்.

"எப்ப இருந்துங்க கெட்டுக் கெடக்குது?"

"தீபாவளியில இருந்துங்க."

"அப்ப இந்த மாதிரி ஒண்ணுமில்லீன்னு எத்தன பேர ஊட்டுக்கு அனுப்புனீங்க?"

டாக்டர் எத்தனை பேரை அனுப்பினார் என்று அவள் கேட்கவில்லை. அனுப்புனீங்க என்றுதான் கேட்டாள். ராமாமணி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு ஸ்லைடும் அவள் கையால் போட்டது.

"பதினோரு பேருங்க."

அந்தம்மாள் வில்லையை வாங்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அழுகிய எதையோ மிதித்துவிட்டவள் போலப் பார்த்தாள், ராமாமணியைத்தான்.