கூரையில் நான் நிற்கும் படம்

"இதில் கூரை எங்கே?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டார். என் கைப்பேசி அவர் கையில் இருந்தது. படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டை போட்ட நான், ரோசாச் செடிக்குப் பக்கத்தில். நீலச் சட்டை போட்ட நான், யாரோ ஒருவரின் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில். நீலச் சட்டை போட்ட நான், கடற்கரையில், தலைமயிரைக் காற்றுக்குக் கொடுக்காமல் ஒரு கையால் பொத்தியபடி.

மெல்பேர்ணின் டண்டினொங்கில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பயிற்சி நிலையம் அது. அவர் மதிப்பீட்டாளர். முன்பு கூரை வேலை செய்தவர் என்பதைப் பின்கழுத்தின் சிவப்பு சொல்லியது. கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

"நீங்கள் வேலை செய்கிற படம் வேண்டும். கூரையின் மேல். முகம் தெரிய வேண்டும்" என்றார்.

தகரக் கூரை போடுவது இந்த மாநிலத்தில் பிளம்பிங்கின் ஒரு பிரிவு. மழைத்தண்ணீர் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் பிளம்பிங் என்பது அவர்கள் நியாயம். லைசன்ஸ் உள்ளவர் மட்டுமே வேலையை ஒப்பந்தமாக எடுத்து, முடிந்த பின் அதற்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைக்கலாம். மற்றவர்கள் அவருக்குக் கீழே ஏறி இறங்கலாம். நான் எட்டு வருடமாக ஒருவருக்குக் கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒருவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்கு வெகு முந்தியே வந்து, லைசன்ஸ் எடுத்து, வான் வாங்கி, வானில் பெயரும் எழுதியவர். இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. வருட முடிவோடு லைசன்சை விடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ளை உன்ரையை எடு தம்பி. நான் விட்டாப் பிறகு உனக்காக ஆர் கையெழுத்துப் போடுறது?"

விசயம் அவ்வளவுதான். எடுத்தால் அண்ணையின் வாடிக்கை வீடுகள் எனக்கு. எடுக்காவிட்டால் ஏதாவது பண்டகசாலையில் பெட்டி அடுக்கலாம், அல்லது முகம் தெரியாத ஒருவரின் வானில் பின்சீற்றில் ஏறி, நாற்பத்தாறு வயதில், மறுபடி ஏணி பிடிக்கத் தொடங்கலாம். படிப்பை முதலிலிருந்து படிக்காமல், செய்த வேலையைக் காட்டிச் சான்றிதழ் எடுக்க ஒரு வழி இருந்தது. செய்த வேலை இருந்தது. காட்டத்தான் எதுவும் இல்லை.

நீலச் சட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. படகில் வந்த நாங்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தோம். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தச் சட்டை தொங்கும். வீட்டுக்குப் படம் அனுப்புகிறவன் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போவான். ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாத சட்டை. சட்டம் ஒன்று இருந்தது, யாரும் எழுதி வைக்காத சட்டம்: ஊருக்குப் போகும் படத்தில் ஏணி தெரியக் கூடாது, வேலைத்தள மஞ்சள் அங்கி தெரியக் கூடாது, காயம் தெரியக் கூடாது. எங்களில் ஒருவன் இறைச்சித் தொழிற்சாலையில் மாடு வெட்டிக்கொண்டிருந்தான். வந்த புதிதில் நான் கூரையில் நின்று ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டபோது அவன்தான் தடுத்தான்.

"அம்மாவுக்கு மாட்டைக் காட்டாமல் நானே இருக்கிறன். நீ கூரையைக் காட்டப் போறியோ? மனிசி நித்திரை கொள்ளுமே?"

இன்னொருவனின் தாய் தொலைபேசியில் கேட்டாராம், அந்த நாட்டில் நீலத்தில் மட்டுந்தான் சட்டை விற்கிறார்களா என்று. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கட்டட நிறுவனத்தில் வேலை என்று நான் என் தாயிடம் சொல்லியிருந்தேன். அவர் அந்த நிறுவனத்துக்குள் எனக்கு ஒரு கதிரையும் மேசையும் மின்விசிறியும் தாமாகவே போட்டுக்கொண்டார். அந்தக் கதிரையில் நான் வருடக்கணக்காக இருந்தேன், வெயிலில் தகரம் சப்பாத்தின் அடியைச் சுட, வாய்க்குள் ஆணிச்சுவை ஊற.

பயிற்சி நிலையத்திலிருந்து நேரே அண்ணையிடம் போனேன். அவர் கைப்பேசியில் கூரைகள் கொட்டிக்கிடந்தன. சாம்பல், வெண்ணெய் நிறம், கரும்பச்சை. முகடுகள், பள்ளங்கள், மழைத்தண்ணீர் ஓடும் பீலிகள். எல்லாம் நான் குனிந்து, முழந்தாளிட்டு, தவழ்ந்து போட்டவை. ஒன்றிலும் ஒரு மனிதன் இல்லை.

"என்னடா இது, ஒண்டிலையும் நீ இல்லை?" என்றார் அண்ணை, முதல்முறை பார்ப்பவர் போல.

"நீங்கள்தானே அண்ணை கீழை நிண்டு கத்துறனீங்கள். விலத்து, விலத்து, கூரை தெரியட்டும் எண்டு."

"ஓமடா. சனம் கூரையைப் பாத்தெல்லோ வேலை தரும், உன்ரை மூஞ்சையைப் பாத்தோ?"

கடைசியில் ஒரு படம் அகப்பட்டது. மாலை வெயிலில் எடுத்தது. தகரத்தின் மேல் என் நிழல் நீளமாக விழுந்திருந்தது, கையில் ஸ்குரூ இறுக்கும் இயந்திரத்தோடு. அண்ணைக்குப் பெரிய சந்தோசம். "இது நீதான்! தொப்பியைப் பார்! இதை அனுப்பு." அனுப்பினேன். அந்தப் பெண்ணிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. நிழலை ஏற்றுக்கொள்ள முடியாது.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கணினியில் செய்மதி வரைபடத்தைத் திறந்து, நாங்கள் அதிகம் வேலை செய்த ரோவில் பகுதியின் மேல் இறங்குவேன். தெருத் தெருவாகப் போவேன். இது நான். இதுவும் நான். அந்த மூலை வீட்டில் பாதி ஒரு நாள், மழை வந்ததால் மீதி அடுத்த நாள், இரண்டும் நான். வானத்திலிருந்து பார்க்க இந்த நகரத்தின் தோலில் ஒரு துண்டு என்னுடையது, எங்கும் என் கைரேகை. வானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வானத்திடம் சாட்சிக் கடிதம் வாங்க எந்தக் கந்தோருக்குப் போவது? திரையை அடித்து மூடுவேன். மனைவி குசினியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்பிப் போவாள்.

பிறகு வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். ரோவிலில் ஒரு அன்ரி இருக்கிறார். அவர் வீட்டின் பழைய ஓடுகளைக் கழற்றித் தகரம் போட்டவன் நான். கதவைத் திறந்ததும் அடையாளம் கண்டுகொண்டார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

"நாங்கள் வேலை செய்யேக்குள்ளை எடுத்த படம் ஏதும் இருக்கோ அன்ரி?"

"இருக்குத் தம்பி, கனக்க இருக்கு. தைப்பொங்கல் அண்டைக்கும் நீங்கள் நிண்டனீங்கள் எல்லோ."

பின்வளவில் பொங்கல் பானை. சுற்றி நின்ற குடும்பம். பின்னால் பாதி முடிந்த கூரை, சாய்த்து வைத்த ஏணி, ஏணியின் மேல் யாரும் இல்லை.

"இதிலை நாங்கள் இல்லையே அன்ரி."

"நான்தானே இறங்கச் சொன்னனான். பானை பொங்கேக்குள்ளை தலைக்கு மேலை மூண்டு பேர் சப்பாத்தோடை நிண்டா நல்லாவே இருக்கும்? இறங்கி வந்து ஒரு கோப்பை பொங்கலும் சாப்பிட்டனீர்."

"சாப்பிட்டனான் அன்ரி."

"பேந்தென்ன. அதையும் சொல்லும் அவையளுக்கு."

அவர் மனம் பொறுக்காமல் ஒரு கடிதமும் எழுதித் தந்தார். நான் பண்பான பிள்ளை என்றும், வேலை நேரத்தில் புகைப்பதில்லை என்றும். கூரை என்ற சொல் அதில் வரவேயில்லை. கேட்டுத் திருத்தி எழுதவைக்க எனக்கு வாய் வரவில்லை.

புதிதாக ஒரு வேலை செய்து, அதன் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துத் தந்தால் போதும் என்று மதிப்பீட்டாளர் இறங்கி வந்தார். அண்ணை ஒரு சின்ன வீட்டைப் பிடித்துத் தந்தார். அவருக்கு ஏணியில் ஏற முடியாது. கீழே நின்று எடுத்தால் அவர் பெருவிரல்தான் படத்தில் விழுகிறது. ஆகவே என் மனைவி வந்தாள். விசாச் சிக்கல்கள் தீர்ந்து, போன வருடம்தான் அவள் என்னோடு வந்து சேர்ந்திருந்தாள். நான் கூரையில் நிற்பதை அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் முகம் வெளிறியது. பிறகு கைப்பேசியைத் தூக்கினாள்.

படங்கள் திரும்பி வந்தன. அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு வரிசையாகக் காட்டினார். தகரத்துக்குப் பக்கத்தில் நான் நிமிர்ந்து நிற்கிறேன். பீலிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறேன். முகட்டில் நிமிர்ந்து நிற்கிறேன். கை இரண்டும் தொடையோடு ஒட்டி, வாயை மூடி, நேரே பார்த்து, அடையாள அட்டைக்கு நிற்பது போல. படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் நாங்கள் நிற்கிற நிலை அது. கையிலிருக்கும் கருவியைக் கீழே வைத்து, சட்டையை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்து. என் கல்யாணப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறேன்.

"இது வேலைக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதர்" என்றார் அவர். "எனக்கு வேலை செய்யும் மனிதர் வேண்டும்."

மறுபடி ஏறினோம். மழை, பிறகு காற்று, பிறகு மழை. மெல்பேர்ண் குளிர்காலம் ஒரு நாளுக்குள் எல்லா விதமாகவும் கோபப்படும். காய்ந்த ஒரு காலையில் மனைவி தோட்டத்தில் நின்று கத்தினாள்.

"என்னைப் பாக்காதையுங்கோ!"

"பாக்கேல்லையே."

"பாக்கிறியள். வயித்தையும் உள்ளுக்கை இழுக்கிறியள். அதை விடுங்கோ, ஆணியைப் பாருங்கோ!"

"இது ஆணியில்லை, ஸ்குரூ."

"என்ன சனியனோ அதைப் பாருங்கோ!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல், அந்தப் பெண் மேல், ஸ்குரூவின் மேல். திரும்பி வேலையைப் பார்த்தேன். வரிசை வரிசையாக இறுக்கிக்கொண்டு போனேன். அந்தக் கோபத்தில் எடுத்த படங்கள்தான் தேறின.

சான்றிதழ் வந்தது. பரீட்சை எழுதினேன், தேறினேன். விண்ணப்பம் லைசன்ஸ் கொடுக்கும் அதிகாரசபைக்குப் போனது. அங்கே அது படுத்துக்கொண்டது. தொலைபேசியில் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். எவ்வளவு காலம் என்றால் அதுவும் பரிசீலனையைப் பொறுத்தது என்றார்கள். வருடம் முடிந்தது. அண்ணையிடம் போய், இன்னும் ஒரு வருடம் லைசன்சைப் புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஏலாது தம்பி. கோவியாதை. மனிசி ஏணியையும் வித்துப்போட்டா."

அதற்குப் பிறகு வந்த ஒரு பிற்பகல் புயலில்தான் ரோவில் அன்ரி அழைத்தார். பக்கத்து வளவு மரத்தின் கொப்பு முறிந்து கூரையில் விழுந்து தகரத்தை நெளித்துவிட்டது. குசினிக்குள் தண்ணீர்.

"நீர்தானே போட்டனீர். ஒருக்கா வந்து ஏறிப் பாருமன்."

எந்தத் தகரம் என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. என்னிடம் சொந்தமாக ஏணியும் இருந்தது. ஆனால் விண்ணப்பம் அதிகாரசபையின் மேசையில் கிடக்கும்போது, லைசன்ஸ் இல்லாமல் தனியாக ஒரு கூரை வேலை எடுத்தேன் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அதோடு சரி. இப்போது ஏறினால் மட்டும் தெருவே கூடி நின்று படமெடுக்கும்.

"ஏற ஏலாது அன்ரி. லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்கோ. நான் வாறன், வந்து நிக்கிறன்."

போய் நின்றேன். மேசையை இழுத்து ஓரமாக்கினேன். வாளி வைத்தேன். நிரம்பியதை ஊற்றினேன். மழை விட்டபின் ஒருவர் வந்தார், உயரமான வெள்ளைக்காரர், என்னிலும் வயது குறைந்தவர். அவர் ஏணியைச் சாய்த்து மேலே போனார். நான் குசினியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் காலடிகள் போயின, நின்றன, திரும்பின. முழங்கால் ஊன்றும் சத்தம். தகரம் முனகும் சத்தம். ஒருவன் கூரையில் நடந்தால் கீழே இருப்பவர்களுக்கு இப்படித்தான் கேட்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எத்தனை குசினிகளின் மேல் நான் இந்தச் சத்தமாக இருந்திருப்பேன். யாரும் சொன்னதில்லை.

அவர் இறங்கிப் போனபின் வெளியே வந்து பார்த்தேன். தகரத்தை மாற்றி, ஓரத்தை ஒழுங்காக மடித்திருந்தார். குறை சொல்ல இடம் தேடினேன், கிடைக்கவில்லை.

"தம்பி, வேலை சரியோ?" என்று கேட்டார் அன்ரி.

"சரி அன்ரி."

"உம்மடை லைசன்ஸ் எப்ப வருமாம்?"

"தெரியாது."

அவர் கையில் அந்த மனிதர் கொடுத்துவிட்டுப் போன அட்டை இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்த நம்பரை வைச்சிருக்கவோ?"

"வைச்சிருங்கோ அன்ரி."

குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பேரப்பிள்ளையின் படத்துக்குக் கீழே அதைச் செருகினார். தேத்தண்ணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தார். மழை மறுபடி பிடித்தது, இந்தமுறை பலமாக. நாங்கள் இருவரும் மேலே பார்த்தோம். ஒழுகவில்லை. ஒழுகியிருக்கலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது.