கராம்பு ஆய்ந்த புதன்கிழமை

எங்கள் சபையில் மைக் வேலை செய்யாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கிராம சேவகரிடம் ஒரு காரியமாகப் போக வேண்டும் என்றாலும், யாருடைய போனிலாவது தமிழ் எழுத்து வராவிட்டாலும், போதகரின் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் என்னைத்தான். மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஏ.எல். வரைக்கும் படித்த முதல் ஆள் நான். “படிச்ச பிள்ளை பாத்தா சரியாகிடும்” என்பார்கள். நானும் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் அக்கறையாகப் பார்ப்பேன். சில சமயம் சரியாகியும் இருக்கிறது.

புதன்கிழமை வீட்டு ஜெபமும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. உக்குவளையிலிருந்து மேலே ஏறும் பாதையில், தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கூரை போட்டிருக்கும் கட்டடம்தான் எங்கள் சபை. போதகருக்குக் கலேவெல பக்கத்திலும் ஒரு சிறு சபை இருக்கிறது. வாரத்தின் நடுவில் அவர் அங்கே போய்விடுவார். ஆகவே புதன்கிழமை மாலையில் யார் வீட்டில் கூடுவது, என்ன பாட்டுப் பாடுவது, யார் வேதம் வாசிப்பது என்பதெல்லாம் என் பொறுப்பு. டோலக் அடிப்பதும் நான்தான்.

வீட்டு ஜெபம் முறை வைத்து நடக்கும். இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் அடுத்த வீடு. பாட்டு, வாசிப்பு, ஜெபம், அதன் பிறகு தேத்தண்ணி. ஆரம்பத்தில் அந்தத் தேத்தண்ணியோடு விசுக்கோத்து மட்டும்தான் வந்தது. பிறகு ஒரு வீட்டில் மகன் கட்டாரிலிருந்து லீவில் வந்த சந்தோஷத்தில் கட்லட் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் ரோல்ஸ் கொடுத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் ரோல்ஸும் கேக்கும். பக்கத்து முஸ்லிம் வீட்டில் பக்குவம் கேட்டு வந்து வட்டிலாப்பம் வைத்த வீடும் உண்டு. கூட்டம் நன்றாக வளர்ந்தது. முக்கியமாக, ஆமென் சொல்லும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் ஆண்களின் கூட்டம்.

இந்த வளர்ச்சியில் ஒரே ஒரு ஆள் குறைந்தார். ஓடைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் கடைசி வீட்டு அக்கா.

அவர் கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். எப்போதாவதுதான் வருவார். அக்காவுக்குப் பெரிய குரல். நான் டோலக்கில் கை வைப்பதற்கு முன்பே பாட்டை ஆரம்பித்துவிடுவார். ஆரம்பித்தால் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் தாளத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடுவேன். மற்றவர்கள் என் பின்னால் ஓடி வருவார்கள். அவர் வராத புதன்கிழமைகளில் பாட்டும் தாளமும் ஒன்றாகவே தொடங்கி ஒன்றாகவே முடிந்தன. இழவு வீட்டில் பாடுவது மாதிரி இருந்தது.

தன் முறை வந்தபோது அக்கா இரண்டு தடவையும் வேண்டாம் என்றிருந்தார். பிறகு புதன்கிழமை வருவதையே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்த கையோடு எழுந்து போய்விடுவார். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மா அவரிடம் கேட்டிருக்கிறார். “என் வீட்டுக்கு உங்கள கூப்பிட முடியல. கூப்பிடாம மத்தவங்க வீட்டுல மட்டும் போய் உக்காந்துட்டு வர்றதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு. இனி என்னைய எதிர்பாக்காதீங்க” என்று அக்கா சொன்னாராம்.

புதன்கிழமை விடுபட்டவர்கள் கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமையும் விடுபட்டுப் போவதை எங்கள் சின்ன சபையில் பார்த்திருக்கிறோம். யாரும் சண்டை போட்டுப் போவதில்லை. சும்மா, வருவது நின்றுவிடும். அக்காவும் அப்படிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது.

காரணம் ரோல்ஸ்தான், அந்தச் செலவு அவருக்குக் கட்டாது என்று நான் முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்து, இனி வீட்டு ஜெபத்தில் பிளேன்டீயும் விசுக்கோத்தும் மட்டும்தான் என்று அறிவித்தேன். அன்றைக்கு மைக் நன்றாக வேலை செய்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தட்டில் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டார்: “வந்தவங்களுக்கு விசுக்கோத்தக் குடுத்து அனுப்ப, நம்ம வீடென்ன பஸ் ஹால்ட்டா?”

சபை மூப்பரும் மாலையில் வந்தார். தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். நீண்ட ஜெபத்துக்குப் பேர் போனவர். அவர் ஜெபிக்கத் தொடங்கினால் அடுப்பில் சோறு வைத்த பெண்கள் ஒரு கண்ணைத் திறந்துகொள்வார்கள். அவர் மிகவும் அடக்கமாக ஒரு சந்தேகம் கேட்டார். பிறந்தநாள் வந்தால் என்ன செய்வது? பிறந்தநாளுக்குத் தடையில்லை என்று நான் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லாரும் புதன்கிழமைகளில் பிறந்தார்கள். எந்த வீட்டுக்கு முறையோ அந்த வீட்டில் யாருக்காவது அன்றைக்குப் பிறந்தநாள். மூப்பருக்கே அந்த வருஷத்தில் இன்னொரு தடவை வயது ஏறியது. மனைவி சொன்ன பிறகுதான் அவருக்கே தெரியும். ஒரு வீட்டில் ஆட்கள் எல்லாருக்கும் பிறந்தநாள் வந்து முடிந்திருந்ததால், கன்றுக்குட்டிக்குப் பிறந்தநாள் என்று கட்லட்டை நீட்டினார்கள். கன்றுக்காகவும் ஒரு ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டோம். நான் இரண்டு கட்லட் சாப்பிட்டேன். சட்டம் போட்டவனுக்கும் பசிக்கும்.

சட்டம் தோற்றாலும் அக்காவிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்று ஒரு பின்னேரம் ஓடைப் பக்கம் இறங்கினேன். வெறும் பிளேன்டீ போதும் அக்கா, அதுகூட வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும் என்று சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். வீடு கண்ணில் படுவதற்கு முன்பே கராம்பு வாசம் வந்தது.

“அங்கேயே நில்லு தம்பி, மிதிச்சிடாத” என்றார் அக்கா.

காலை வைக்க இடமில்லை. விறாந்தையிலும் உள் அறையிலும் சாக்கு விரித்து, பச்சைக் கராம்புக் கொத்துகளைக் குவித்திருந்தார். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, அதில் அவர் உட்கார்ந்திருந்தார். மாத்தளை டவுனில் கராம்பு வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் முதலாளி, பறித்த கொத்துகளை மத்தியானம் கொண்டுவந்து இறக்குவாராம். கராம்பு வேறாகவும் காம்பு வேறாகவும் ஆய்ந்து இருட்டுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். குவியலாகக் கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போகும். கராம்புக் காலம் முழுக்க இதுதான் வேலை. அவர் முறை வந்த இரண்டு தடவையும் கராம்புக் காலம்.

“அப்ப ரோல்ஸ் காரணமில்லையா அக்கா?” என்று கேட்டேன்.

அக்கா கையை நிறுத்தாமல் சிரித்தார். “உங்கம்மாவுக்கு ரோல்ஸ் சுத்தக் கத்துக்குடுத்ததே நான்தான். குடுக்கிறதுக்கு என்ன, எதையாச்சும் குடுப்பேன். எங்க உக்கார வைப்பேன்? கூரையிலயா? நீங்கல்லாம் கண்ண மூடி ஜெபம் பண்ணுற நேரத்துல நான் இத அப்படியே போட்டுட்டு உக்காந்தா, சாமான் என்னத்துக்கு ஆகும்?”

பிறகு, நான் நின்று பேசுகிற நேரத்தில் ஒரு கொத்து ஆய்ந்திருக்கலாம் என்றார். நான் படியில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தேன். கொத்தை ஒரு கையில் பிடித்து மறு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மொட்டுகள் கழன்று விழும். விரல் கொஞ்சம் எரியும். நாலைந்து கொத்து ஆய்ந்த பிறகு, புதன்கிழமை எல்லாரும் இப்படியே உட்கார்ந்தால் என்ன என்று கேட்டேன். எல்லாருமாகக் குவியலைக் கரைத்துக்கொண்டே வந்தால் உட்கார இடமும் தானாக வந்துவிடும்.

அக்கா கையிலிருந்த கொத்தை ஆய்ந்து முடித்தார். “ஜெபத்துக்கு வந்தவங்கள வேலை வாங்கினேன்னு ஊர் சொல்லாதா தம்பி?”

“ஊர் வந்து ஆயட்டும் அக்கா. அப்புறம் சொல்லட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை மைக்கில் இதை அறிவித்தேன். சபை கலைந்த பிறகு முற்றத்தில் மூப்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். பாட்டு சரி, வாசிப்பும் சரி. ஜெபத்தின்போது கை கூப்பியிருக்க வேண்டாமா, கண் மூடியிருக்க வேண்டாமா? கையில் கராம்பை வைத்துக்கொண்டு கர்த்தரிடம் பேசினால் அது மரியாதையா? ஏ.எல். பாடங்களில் இது வரவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார்: “அண்ணே, இவன் பாஸாகணும்னு நான் ஜெபம் பண்ணுனதெல்லாம் கொழுந்து பறிக்கையிலதான். அப்ப கையக் கூப்பிக்கிட்டு நின்னிருந்தா கங்காணி என்னைய வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. இவனும் பாஸாகியிருக்க மாட்டான்.”

மூப்பர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜெபம் கேட்கப்பட்டதற்கு அத்தாட்சியாக நான் சும்மா நின்றேன்.

அந்தப் புதன்கிழமை நாங்கள் ஓடைப் பக்கம் இறங்கியபோது அக்கா வாசலிலேயே நின்றார். நல்ல சேலை கட்டியிருந்தார். முகத்தில் மட்டும், எந்த நேரமும் எங்களைத் திருப்பி அனுப்பிவிடத் தயாராக இருப்பவர் மாதிரி ஒரு பார்வை. முதலில் வந்தவர்கள் படியில் உட்கார்ந்து ஆய்ந்தார்கள். இடம் உண்டாக உண்டாக ஒவ்வொருவராக உள்ளே நகர்ந்தார்கள். எல்லார் கையிலும் கொத்து இருந்ததால் பாட்டுப் புத்தகம் பிடிக்க ஆள் இல்லை. ஆகவே எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டுகளையே பாடினோம். ஒருவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வேதம் வாசித்தார். நானும் டோலக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஆயத் தொடங்கினேன்.

ஜெபம் மூப்பருடையது. அவர் கொள்கையை விடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் கையை நிறுத்தவும் மனம் வரவில்லை போலிருக்கிறது. கண் மூடியபடியே ஆய்ந்து, கராம்பைக் காம்புக் கூடையிலும் காம்பைக் கராம்புச் சாக்கிலும் போட்டுக்கொண்டே போனார். அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மாறி விழுந்ததைப் பொறுக்கிப் போட்டு, கூடையையும் சாக்கையும் சத்தமில்லாமல் இடம் மாற்றி வைத்தார். ஜெபம் தடையில்லாமல் நடந்தது.

வழக்கம்போல நாடுகளுக்காக, தலைவர்களுக்காக, மழைக்காக, வெயிலுக்காக என்று போய் மூப்பர் முடிக்கும் இடத்துக்கு வந்தார். அப்போது அக்கா மெதுவாகச் சொன்னார்:

“அண்ணே, இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க. ஒரு சாக்கு மிச்சமிருக்கு.”

மூப்பரின் வாழ்க்கையில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் கண்ணைத் திறந்துவிட்டார். கையிலிருந்த கொத்தைப் பார்த்தார். பிறகு நாடுகளையும் தலைவர்களையும் விட்டுவிட்டு, அந்த வீட்டுக்காக ஜெபித்தார். அந்த விறாந்தைக்காக, அக்காவின் கைகளுக்காக, கொழும்பில் இருக்கிற அவர் கணவருக்காக, கராம்புக்கு நல்ல வெயில் கிடைப்பதற்காக. அவர் அவ்வளவு சின்னச் சின்ன வார்த்தைகளில் ஜெபித்து நான் கேட்டதில்லை. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கராம்புக் கையால் கண்ணைத் தொட்டுவிட்டார் என்று பிறகு சொன்னார். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

இடையில் முதலாளி தன் சின்ன லொறியோடு வந்து முற்றத்தில் இறங்கினார். வீடு நிறைய ஆட்களைப் பார்த்துத் திகைத்து, அக்கா எழுந்திருக்கப் போனதும் கையைக் காட்டி நிறுத்தினார். “ஓதி முடிங்க தங்கச்சி, நான் இருக்கேன்” என்று படியில் உட்கார்ந்தார். ஆமென் சொன்ன பிறகு கராம்பைக் கையில் அள்ளிப் பார்த்து, காம்பு கிடக்கிறதா என்று தேடி, திருப்தியானார். பிறகு என்னிடம் கேட்டார்: “தம்பி, யட்டவத்தையில நம்ம சாமான் ஆயிற வீடு இன்னும் ரெண்டு இருக்கு. அங்கயும் வந்து ஓதுவீங்களா?”

தேத்தண்ணி வந்தது. வெறும் பிளேன்டீ, கடித்துக்கொள்ள ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி. எல்லார் கையிலும் கராம்பு வாசம் இருந்ததால் தேத்தண்ணியும் கராம்புத் தேத்தண்ணி ஆகிவிட்டது. யாருக்கும் அன்றைக்குப் பிறந்தநாள் இல்லை.

அதன் பிறகு நான் சட்டம் எதுவும் போடவில்லை. முறை சொல்லும்போது, வீட்டில் என்ன வேலை கிடக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன். ஒரு வீட்டில் கல்யாணச் சமையலுக்கு உள்ளி உரித்தோம். ஒரு வீட்டில் மிளகு காம்பு நீக்கினோம். கன்றுக்குட்டி வீட்டில் புல் கட்டினோம். ஆமென் நேரத்துக்கு வரும் ஆண்களுக்குத்தான் சங்கடம். கொஞ்ச நாள் காணாமல் போய், பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பாட்டு நேரத்துக்கே வந்தார்கள். ரோல்ஸ் இன்னமும் சில வீடுகளில் வருகிறது. வேலை செய்த கைக்கு அது உறுத்துவதில்லை. வீட்டு ஜெபம் நடத்தும் என் வயதுப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் ஒன்று சொல்வேன்: வர மறுக்கிறவருக்கு என்ன காரணம் என்று நீங்களே முடிவு செய்து மைக்கைப் பிடிக்காதீர்கள். அவர் வீட்டுப் படி வரைக்கும் போய்ப் பாருங்கள். படியில் உட்கார இடமிருந்தால் உட்கார்ந்து, கையில் கிடைக்கும் வேலையைச் செய்யுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.

கராம்பு ஆய்ந்ததற்கு அடுத்த புதன்கிழமை முறை எங்கள் வீட்டுக்கு. அம்மா சுளகில் பயறு புடைத்து வைத்துவிட்டு, கல் பொறுக்க ஆட்கள் வரக் காத்திருந்தார். நான் டோலக்கை மடியில் எடுத்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அக்கா இன்னும் உள்ளேகூட வரவில்லை, பாட்டை ஆரம்பித்துவிட்டார். வாரை அப்படியே விட்டுவிட்டு நான் தாளத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.